லயத்துத் திண்ணையில் ஒரு ஜி செவன்

ஏலப்பாறையில் லயம் என்றால் தாளமில்லை, வரிசை வீடு. தேயிலைத் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், அப்படியொரு லயத்துத் திண்ணையில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் மகன் கிட்டாரில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஆல் ப்ளூஸ்' பழகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது எங்கதான் முடியுது?" என்றான். ப்ளூஸின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஜி-யை 'ச' என்று வைத்துக்கொள்வோம். ஜி மேஜர் கார்டு என்பது ச-க-ப. போய் உட்கார ஏற்ற இடம். முதல் தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தும் விரலை எடுத்துவிட்டு முதல் ஃபிரெட்டை அழுத்தினால், மேல் 'ச' போய் கைசிகி நிஷாதம் வந்துவிடும். அதுதான் ஜி செவன். வேறெங்கோ கிளம்பத் தவிக்கிற கார்டு. ப்ளூஸ் அதையே வீடாக்கிக்கொள்கிறது.

பாட்டின் ஒரு சுற்று மொத்தம் 12 பார், அதாவது 12 தாள ஆவர்த்தம். முதல் நான்கும் ஜி செவன். ஐந்தாவதில் சாதாரணமாக சி செவன் வரும். இங்கோ பேஸ் 'ச'வை விடுவதில்லை; மேலே அந்தர காந்தாரம் மட்டும் அரைச் சுரம் இறங்கி சாதாரண காந்தாரமாகிறது. அவ்வளவுதான், பாட்டின் முகமே வாடிவிடுகிறது. ஏழிலும் எட்டிலும் மறுபடி ஜி செவன்.

ஒன்பதாவது பாரில் டி செவன் ஷார்ப் நைன். காகலி, கைசிகி இரண்டு நிஷாதமும் ஒரே நேரத்தில்! நம் பாடகர் இரண்டுக்கும் நடுவே கமகத்தில் இழைவார். இந்தப் பதிவில் பில் எவன்ஸின் பியானோவில் இரண்டும் சேர்ந்தே உரசுகின்றன. பத்தாவதில் அந்தக் கார்டு அப்படியே அரைச் சுரம் ஏறி இறங்கி, பிறகு வீட்டுக்கு வருகிறது.

தாளம் ஆறெட்டு: தகிட தகிட. திருவிழாக் கொட்டுக்கு ஆடிய கால்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ப்ளூஸ் பிறந்தது அமெரிக்கத் தெற்கின் பருத்திக்காடுகளில், அடிமைகளாயிருந்தவர்களின் பிள்ளைகளிடம். இந்தப் பாட்டு நியூயார்க்கில் பதிவானது 1959 ஏப்ரல் 22-ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே மலைகளில், தேவிகுளம் இடைத்தேர்தலுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடித் திரிந்தார் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன். கூலிக்காரர் வாழ்வைப் பாட்டாக்கிய அவரை, இந்த இசை கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பையன் மறுபடி வாசித்தான். பன்னிரண்டாவது பார் வந்தது. விரல் முதல் ஃபிரெட்டிலேயே இருந்தது. நிறுத்தத் தோன்றாமல் முதல் பாருக்குப் போய்விட்டான்.