நெய் பதத்தில் காரீயம்

ரசம் வைக்கிற ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சொம்பு வெள்ளீயம்; 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் கொதிக்கிறவரை சூடு 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுவதால் பாத்திரம் பிழைக்கிறது. தண்ணீர் வற்றினால் சுதாரிக்க நேரம் கிடையாது. கண்ணெதிரே சொம்பு சரிந்து பர்னர்மேல் வழிந்து கிடக்கும்.

கலப்பில்லாத உலோகத்தின் குணம் அப்படி. ஒரே சூட்டில் மொத்தமாக உருகும். 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துப் பட்டறைகளில் மெர்குரி கார்களை வெட்டி ஒட்டி, ஒட்டிய தடமே தெரியாமல் வழவழவென்று ஆக்கியவர்களுக்கு இந்தக் குணம் உதவாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது நெய்யின் குணம்.

மார்கழிக் காலையில் நெய் ஜாடியைத் திறந்து பாருங்கள். முழுக்க உறைந்தும் இருக்காது, உருகியும் இருக்காது. மணல் மணலாக இருக்கும். நெய் பல கொழுப்புகளின் கலவை. சில குறைந்த சூட்டிலேயே உருகும், சில தாமதிக்கும். அதனால் உருகியதற்கும் உறைந்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி ஒன்று உண்டு. அந்தப் பதத்தில் கரண்டியில் எடுத்தால் நிற்கும், தடவினால் பரவும்.

ஒட்டிய தடத்தில் அவர்கள் பூசிய, 70 பங்கு காரீயமும் 30 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கம்பியும் அதே போலத்தான்; இனி அதைச் சுருக்கமாகக் காரீயம் என்றே சொல்கிறேன். 183 டிகிரியில் இளகத் தொடங்கும். சுமார் 255 டிகிரி வரை முழுசாக உருகாது. இடைப்பட்ட 70 டிகிரியில், காரீயம் மிகுந்த திடத் துணுக்குகள் உருகிய குழம்பில் மிதந்துகொண்டிருக்கும். செங்குத்தாக நிற்கிற கதவில் அப்பினால்கூட வழியாமல் நிற்கும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிலும் இதே இரண்டு உலோகங்கள்தான், ஆனால் 63 பங்கு வெள்ளீயம். அந்த விகிதத்தில் இடைவெளி இல்லவே இல்லை; சட்டென்று தண்ணீராகும், சட்டென்று கல்லாகும். மின்சுற்றுக்கு அது வசதி. கார் உடம்புக்கு அது பயன்படாது.

இனி அந்தக் கார். 1949 முதல் 1951 வரை வந்த மெர்குரி, ஃபோர்டு நிறுவனத்தின் தயாரிப்பு. பருத்து உருண்ட உடம்பு. அதற்குமேல் உயரமான கூரை. கூரையைக் கொஞ்சம் இறக்கினால் அதே கார் பதுங்கிய மிருகம் மாதிரி ஆகிவிடும் என்று கண்டுகொண்டவர்களில் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் முக்கியமானவர்கள். பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக 1952இல் அவர்கள் பட்டறை செய்துகொடுத்த 1951 மெர்குரியில் கூரை முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறங்கியது, நடுத்தூணும் போயிற்று. 2022 ஜனவரியில் நடந்த ஏலத்தில் அந்தக் கார் 20 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. எல்லாருக்கும் தெரிந்த ஜார்ஜ் பின்னாளில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடருக்குக் கார் செய்தவர். உலோக வேலையில் சாமின் கைதான் பெரிது என்பது என் கட்சி.

கூரையை இறக்குவது கேட்பதற்கு எளிது: தூண்களில் 4 அங்குலம் அறுத்தெடு, மேல்பாதியைக் கீழே வை, பற்றவை. வைத்துப் பார்த்தால் ஒன்றும் பொருந்தாது. முன்தூண் மேலே போகப்போகப் பின்னால் சாய்கிறது. பின்பக்கமோ முன்னால் சாய்ந்து ஏறுகிறது. நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு நேராக இறக்கினால், மேல்பாதியின் முனைகள் கீழ்த்தூண்களுக்கு உள்பக்கமாக வந்து நிற்கும். அதாவது கூரை நீளம் போதாது. ஒன்று, கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் தகடு சேர்த்து நீட்ட வேண்டும். அல்லது தூண்களின் சாய்மானத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். பிறகு கண்ணாடி. நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்த இரட்டைக் கண்ணாடி என்றால் வெட்டிக்கொள்ளலாம். பதமேற்றிய கண்ணாடியில் வெட்டுச் சக்கரம் இறங்கினால் மொத்தமும் பொடிந்துவிடும்.

கூரைத் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். நீளமாக ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால், ஆறும்போது பற்றவைப்பு சுருங்கிப் பக்கத்துத் தகட்டை இழுத்து நெளிக்கும். எனவே அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி என்று தள்ளித்தள்ளி வைத்து, ஆறவிட்டு, உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டையை அணைத்து வெளியே சுத்தியலால் தட்டிச் சுருங்கிய இடத்தைத் திரும்ப விரிப்பார்கள். நல்ல டிங்கரிங் வேலையில் காரீயத்துக்கு மிஞ்சுவது சில மில்லிமீட்டர் பள்ளம் மட்டுமே. காரீயத்துக்குப் பலம் கிடையாது, தாங்குவது வெல்டிங்தான். காரீயம் மேடுபள்ளத்தை நிரவ மட்டும். வெல்டிங் முழுவதும் முதலிலேயே முடிந்திருக்கவும் வேண்டும். எஃகு உருகும் சூடு 1,500 டிகிரியை ஒட்டியது. பூசிய பிறகு பக்கத்தில் டார்ச் காட்டினால் காரீயம் ஓடிவிடும், கலந்தால் பற்றவைப்பும் கெடும்.

அடுத்தது தகட்டைப் பளபளவென்று சுரண்டுவது. துருவின்மேலும் பெயின்ட்டின்மேலும் காரீயம் பிடிக்காது. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவித் துணியால் துடைத்துப் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அந்த வேலையேதான். அமிலப் பசையும் வெள்ளீயப் பொடியும் கலந்ததைத் தடவி, சூடு காட்டி, துணியால் ஒரு துடைப்பு. தகடு வெள்ளிபோல் மின்னினால் பிடிமானம் வந்துவிட்டது. கறுப்பாக ஓரிடம் விட்டுப்போனால் அங்கே பின்னால் பெயின்ட் கொப்புளிக்கும்.

இப்போதுதான் நெய்ப் பதம். டார்ச்சின் சுவாலையை மென்மையாக, ஆக்ஸிஜன் குறைவாக வைத்துக்கொள்வார்கள். கம்பியின் நுனியையும் தகட்டையும் மாற்றி மாற்றிக் காட்ட, கம்பி தொய்யத் தொடங்கும். அழுத்தித் திருகினால் ஒரு கட்டி ஒட்டிக்கொள்ளும். போதுமான கட்டிகள் சேர்ந்ததும், தேன்மெழுகோ மாட்டுக்கொழுப்போ தடவிய மரத்துடுப்பால் தள்ளி, அழுத்தி, வளைவுக்கு இழைக்க வேண்டும். மெழுகில்லாத மரத்தில் காரீயம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சுவாலை ஒரே இடத்தில் நிற்கவே கூடாது: காட்டு, எடு, துடுப்பைப் போடு. சூடு கூடினால் மொத்தமும் தரையில் சொட்டும். குறைந்தால் துடுப்பின்கீழ் பொருபொருவென்று உதிரும். ஆறியதை மறுபடி சூடாக்கினால் நெய்போலவே பழைய பதத்துக்குத் திரும்பும். பொறுமை உள்ளவருக்கு அவ்வளவு தாராளம் காட்டுகிற உலோகம் இது. முகவிளக்கைச் சுற்றியுள்ள வளையத்தை உடம்போடு இழைத்ததும், கைப்பிடி எடுத்த துளைகளை மூடியதும், பானெட்டின் கூர்முனைகளை உருட்டியதும் இப்படித்தான்.

ஆறியபின் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி அமிலத்தை முறிக்க வேண்டும். பிறகு வளைந்த பற்கள் கொண்ட அகல அரம். அரம் சீவலாகச் சீவும். கிரைண்டர் வைத்தால் நுண்தூள் பறக்கும், காரீயத்தூள் மூச்சில் போனால் விஷம். முகமூடியும், சாப்பிடுமுன் கை கழுவுவதும் இந்த வேலையின் ஒரு பகுதி. அதன் பிறகு பிரைமர், அதன்மேல் மெல்லிய கறுப்புத் தூவல், கட்டையில் சுற்றிய உப்புத்தாள். கறுப்பு அழியாத இடம் பள்ளம், உடனே அழிந்த இடம் மேடு.

1950களின் நடுவில் பாலியஸ்டர் பட்டி வந்ததும் பெரும்பாலான பட்டறைகள் அதற்கு மாறின. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நெருப்பு வேண்டாம், காரீய விஷம் இல்லை, மெல்லிய பூச்சுக்கு நன்றாகவே உழைக்கும். கதவு விளிம்பு, பானெட் முனை போல நாளும் அடி வாங்குகிற இடங்களில் மட்டும் காரீயம் கேட்பேன். அங்கே பட்டி பெயர்ந்துவிடும்.

பழைய மெர்குரி ஒன்றைப் புதுப்பிக்க இறங்குகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடம். அங்கே தொழிற்சாலையே காரீயம் பூசி அனுப்பியிருக்கும். பெயின்ட்டை டார்ச்சால் உரிக்கப் போனால் அந்த மூட்டும் சேர்ந்து ஒழுகும். காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி வழிதான். காரீயத்திலும் ஒட்டாது, பட்டியிலும் ஒட்டாது. ஓரத்தில் நகத்தளவு சுரண்டிப் பார்த்தால் தெரியும்: வெள்ளிச் சுருளாக வந்தால் காரீயம், இளஞ்சிவப்பாகவோ சாம்பலாகவோ மாவாக உதிர்ந்தால் பட்டி. எது வந்தாலும் அதன் அடியில் துரு இருக்கிறதா என்று முழுதும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புதிய கம்பியைக் கையில் எடுக்க வேண்டும்.