திரையில் வரைவது யார்?

சிவகாசிப் பக்கம் திருவிழா இரவில் வானில் ஏறும் வாணத்தைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் அது வெடித்ததும் நூற்றுக்கணக்கான தீப்பொறிகள் எல்லாத் திசைகளிலும் சிதறுகின்றன. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், ஒவ்வொரு தீப்பொறியின் பாதையும் ஒரு பரவளையமே. எறிபொருள் இயக்கத்தை விளக்க, இக்காட்சியைக் கணிப்பொறித் திரையில் காட்டுவது என் வழக்கம்.

என் மாணவி ஒருத்தியின் வீட்டில் பழைய மடிக்கணிப்பொறி ஒன்று இருந்தது. அவளுடைய அக்காள் பள்ளியில் படித்தபோது அரசு வழங்கியது. விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் தரப்பட்டவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. அந்தக் கணிப்பொறியில் புதிய லினக்ஸ் ஒன்றை நானே நிறுவிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்தாள்.

“சார், வாணம் தத்தித் தத்தி விழுது. விசிறி இரையுது. பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்னு அப்பா சொல்றாங்க” என்றாள்.

திறந்து பார்த்ததில், எதுவும் பழுதாகவில்லை. வரைய வேண்டிய சில்லு சும்மா இருந்தது, அவ்வளவே!

இருவகை வேலையாட்கள்

1366 × 768 அளவுள்ள திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமானால், வினாடிக்குச் சுமார் 6 கோடியே 29 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும்.

மையச் செயலி எந்தக் கணக்கையும் போடவல்லது. ஆனால் அதனுள் இருக்கும் கணக்கர்கள் சிலர்தான். வரைவுச் செயலியில் எளிய கணக்கர்கள் பலர். ஒரே விதியை வெவ்வேறு புள்ளிகளுக்கு அவர்கள் ஒரே சமயத்தில் பயன்படுத்துகின்றனர். தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்ட ஆட்கள் பலர் காத்திருக்க, கணக்குப்பிள்ளையையே எல்லாப் பெட்டிகளுக்கும் ஒட்டச் சொன்னால் என்னவாகும்? அவர் ஒட்டத்தான் செய்வார். ஆனால் வேலை நகராது, கணக்கும் நின்றுபோகும். நம் கணிப்பொறியில் நடந்தது இதுவே.

டிரைவர் என்னும் இடையாள்

வரைவுச் செயலிக்குக் கட்டளையிட, அதன் மொழி தெரிந்த இடையாள் வேண்டும். அதுவே டிரைவர் எனப்படும் இயக்கி நிரல். லினக்ஸில் இதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கெர்னல் என்னும் உட்கருவில் இருந்து, சில்லையும் அதன் நினைவகத்தையும் ஆள்கிறது. மற்றது, “இங்கே முக்கோணம் வரை” என்பது போன்ற கட்டளைகளைச் சில்லின் மொழிக்கு மாற்றுகிறது. இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கு இரண்டாம் பணியைச் செய்வது, பிரையன் பால் 1993-இல் தொடங்கிய மேசா என்னும் நிரல்தொகுதி.

இடையாள் இல்லாவிட்டால் திரை இருண்டுவிடுமா? இல்லை. மேசாவிலுள்ள எல்எல்விஎம்பைப் என்னும் பகுதி, மையச் செயலியைக் கொண்டே வரைந்துவிடும். படம் தெரிவதால் குறை நமக்குப் புலப்படுவதில்லை. சூடும் விசிறி இரைச்சலும்தான் மிஞ்சுகின்றன.

கண்டறிவது எப்படி?

க்னோம் முகப்பில், அமைப்புகள் பகுதியில் கணிப்பொறியைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் என்னும் வரியைப் பாருங்கள். அங்கே இன்டெல், ஏஎம்டி போன்ற பெயர் இருந்தால் நலம். எல்எல்விஎம்பைப் என்றிருந்தால், கணக்குப்பிள்ளை லேபிள் ஒட்டுகிறார் என்று பொருள்.

காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, நோமோட்செட் என்னும் சொல். நிறுவும்போது திரை தகராறு செய்தால், வரைவு இயக்கியை ஒதுக்கிவைக்கும் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அப்போது சேரும் இச்சொல், நிறுவிய பின்னும் தங்கிவிடலாம். நான் செய்த தவறு இதுதான். தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில், ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாம் எழுத்து விசையை அழுத்தி, அச்சொல்லை அழித்து, எஃப்10 விசையால் இயக்கிப் பாருங்கள். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே. சரிவராவிட்டால் மறுமுறை பழைய நிலையே வரும். சரிவந்தால் கிரப் அமைப்புக் கோப்பிலிருந்தும் அதை நீக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள்.

இரண்டாவது, ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரல் இல்லாமை. ஏஎம்டி சில்லுகள் பல இதனை ஏற்றாமல் வேலை தொடங்குவதில்லை. டெபியனின் நிறுவல் தட்டில் முன்பு இது சேர்க்கப்படவில்லை. 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்து சேர்க்கப்பட்டுள்ளது.

ஓர் எல்லை

வீடியோவை விரித்துக் காட்டத் தனிச் சுற்று உண்டு. பழைய சில்லுகளில் அது ஹெச்.264 முறையை அறியும். ஏவி1 போன்ற புதிய முறைகளை அறியாது. எந்த இயக்கியாலும் இல்லாத சுற்றை உண்டாக்க முடியாது.

மாணவியின் கணிப்பொறியில் ஒரு சொல்லை நீக்கினோம். விசிறி அடங்கியது, தீப்பொறிகள் சீராகப் பரவளையம் வரைந்தன. அது இன்றும் அவள் மேசைமேல் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். அதை எடைக்குப் போடுமுன், திரையில் வரைவது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.