உஷார்! அடுப்படிக்குப் பக்கத்தில் வெடிமருந்து

ஆடிப்பெருக்கு கழிந்ததும் சிவகாசியில் பட்டாசு ஆர்டர்கள் குவியத் தொடங்கும். அதிலிருந்து தீபாவளி வரை சாத்தூர், வெம்பக்கோட்டை, தாயில்பட்டி வட்டாரத்து ஊர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆலைக்குள் மட்டுமே நடக்க வேண்டிய வேலை ஆலையைத் தாண்டி வீடுகளுக்கு வருவதும் இந்த மாதங்களில்தான். இருட்டிய பிறகு மூட்டையில் காகிதக் குழாயும், பிளாஸ்டிக் வாளியில் மருந்தும், கட்டுக்கட்டாகக் கருந்திரியும் வந்து இறங்கும். "ரெண்டு நாள் வேலைதான்க்கா, வீட்டுல இருந்தபடியே பார்த்துரலாம். குரோஸுக்குக் கூடவே போட்டுத் தர்றோம்" என்பார்கள்.

வாங்கி வைக்காதீர்கள். ஒரு ராத்திரிக்குக்கூட அது உங்கள் வாசலுக்குள் இருக்க வேண்டாம்.

2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் பட்டாசு செய்துகொண்டிருந்தபோது வெடித்தது. இறந்தவர்களில் ஒரு குழந்தைக்கு வயது 5. அந்தக் குழந்தை எந்த மருந்தையும் தொட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதே கூரையின் கீழ் இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அதே பக்கத்திலிருந்து வீட்டில் வெடித்தது, தகர செட்டில் வெடித்தது என்று செய்தி வருவது நிற்கவில்லை.

"இருபது வருசமா மருந்துல கை வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று கேட்கும் அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம். கைப்பக்குவம் அவர்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆலையில் இத்தனை வருடம் அவர்களைக் காத்தது அந்தப் பக்குவம் மட்டுமா? உரிமம் பெற்ற ஆலையில் ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே வெற்றிடம் விட்டிருக்கும். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் இறங்குவதற்காக வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். தரையில் ரப்பர் விரிப்பு இருக்கும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறைக்கு வரும். என்றாவது ஒருநாள் தீப்பிடிக்கும், அன்று ஒரு அறையோடு அது நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டிய இடம் அது. விதிகளை மீறி அறைகளில் ஆளையும் மருந்தையும் நிரப்பிய ஆலைகளில் என்ன நடந்தது என்று விருதுநகர் மாவட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் போனார்கள்.

வீட்டுக்கு வாருங்கள். ஒரே வாசல், அதுவும் உள்பக்கமாகத் திறப்பது. பத்தடியில் கேஸ் சிலிண்டர். சாமி மாடத்தில் விளக்கு, கட்டிலுக்கடியில் கொசுவர்த்தி. ஃபிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போதும் உள்ளே ஒரு பொறி உண்டாகும், சுவிட்சைத் தட்டினாலும் உண்டாகும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று உரிமத்தில் வகைகள் உண்டு. எந்த லைசென்ஸிலும் குடியிருக்கும் வீட்டுக்கு இடம் கிடையாது. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தோ, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தோ வீட்டை இந்த வேலைக்குப் பாதுகாப்பாக மாற்றிவிட முடியாது.

மணல் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். விறகு எரியும்போது ஈரச் சாக்கைப் போட்டால் காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிடும். பட்டாசு மருந்து அப்படி அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதிலுள்ள வெடியுப்பே கொடுக்கிறது. மூடினால் அழுத்தம் கூடி வெடிக்கும். அலுமினியப் பொடி கலந்திருந்தால் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. நனைந்த அலுமினியப் பொடி தானாகவே சூடேறும், எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளிவிடும். இதனால்தான் கலந்த மருந்து மீந்துபோனால் அவ்வளவு பயப்படுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் கலந்து, அன்றைக்கே செலுத்தி முடித்து, மீந்ததை அன்றைக்கே முறைப்படி அழித்துவிட வேண்டும் என்பது ஆலையின் கட்டுப்பாடு. வீட்டில் யார் அழிப்பார்கள்? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளியை மூடி மூலையில் வைப்பார்கள். ராத்திரி மழை பெய்து ஓதம் ஏறினால் யாரும் தொடாமலே அது புகையத் தொடங்கலாம்.

வாளியில் என்ன கலந்திருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாமல் இருக்கலாம். கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவை லேசான உரசலுக்கே பற்றிக்கொள்ளும். மத்திய அரசு 1992-லேயே அதைத் தடை செய்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. உரிமம் உள்ள ஆலை வெளிப்படையாகச் செய்ய முடியாததை மறைவாகச் செய்துகொள்ள நினைப்பவருக்கு உங்கள் வீடு வசதியாகிவிடுகிறது. பிடிபட்டால் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை. இறக்கிவிட்டுப் போனவர் அப்போது அந்தத் தெருவிலேயே இருக்க மாட்டார்.

"நாங்க மருந்து தொடறதில்ல, திரி மட்டும்தான் வெட்டுறோம்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். திரியின் மேல் பூசியிருப்பதும் மருந்துதான். பிளேடாலும் எவர்சில்வர் கத்தரியாலும் அதை வெட்டி, நைலான் சேலை மடியில் குவித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தால், உரசலும் மின்னூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. மொட்டை மாடியில் காய வைப்பது இன்னும் மோசம். உச்சி வெயிலில் சுடும் தளம், பக்கத்திலேயே மோட்டார் சுவிட்ச், படியேறி விளையாட வரும் பிள்ளைகள்.

உரிமம் உள்ள ஆலைக்கு மட்டும் போய்வருகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து செலுத்தும் வேலை முடித்து வரும்போது தலைமுடியிலும் சேலை மடிப்பிலும் பொடி ஒட்டியிருக்கும். வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்ற வைக்கப் போகாதீர்கள். முடிந்தால் ஆலையிலேயே குளித்து உடை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் வெளியிலேயே துணியை மாற்றி, தலைக்குக் குளித்துவிட்டு, அதன் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே மருந்து இருக்கிறதா? அதை இடம் மாற்றாதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள், குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். விளக்கையோ அடுப்பையோ பற்ற வைக்காமல், சுவிட்சைத் தொடாமல், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். தள்ளிப் போய் நின்று 101-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். வழக்கு வருமே என்று தயங்கத் தோன்றும். அந்தத் தயக்கத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளைகள் அதன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் நடப்பது தெரிந்தாலும் இதே எண்கள்தான். சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் அணைக்கப் பார்க்காதீர்கள். ஓடுங்கள். பீரோவில் நகை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது என்று திரும்பாதீர்கள். முதல் சத்தத்தோடு முடிந்தது என்று நம்பவும் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைக் கண்டு, காப்பாற்றலாம் என்று சுற்றுப்புற ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்ததில் அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதனால் தெருவில் கூட்டம் சேர விடாதீர்கள். தீயணைப்பு வண்டி வந்ததும் உள்ளே மருந்து எந்த அறையில் இருக்கிறது, சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

துணியில் தீப்பிடித்தவரை ஓட விடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். தீக்காயத்தின் மேல் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். சதையோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இங்க், பற்பசை, மஞ்சள், மாவு எதையும் பூச வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். வெளியே பெரிய காயம் தெரியாவிட்டாலும் குரல் கம்மியிருந்தால், மூக்கில் கரி படிந்திருந்தால், புகை உள்ளே போயிருக்கிறது. காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று சொல்லாதீர்கள். பட்டாசு மருந்து என்று தெரிந்தால்தான் கண்ணையும் காதையும் நுரையீரலையும் டாக்டர் உடனே பார்ப்பார். போலீசுக்குப் பதில் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.