அடிமைச் சீட்டும் துண்டுச் சீட்டும்

பன்வில மலைச்சாரலில் உள்ள பாடசாலையொன்றில் நான் சரித்திரம் கற்பித்து வருகிறேன். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க மக்கள் அடிமைகளாய் வதைபட்ட கதையைச் சொல்லி முடித்த ஒருநாள், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் பூட்டனாரும் அடிமைகள்தானா?” என்று வினவினான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாளை விடை கூறுவதாகச் சொல்லி வீடு திரும்பினேன். அன்றிரவு என் நெஞ்சில் ஓடிய எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1833ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதற்கென 2 கோடிப் பவுண் இழப்பீடும் ஒதுக்கிற்று. இழப்பு யாருக்கு? அடிமைகளை உடைமையாக வைத்திருந்த முதலாளிமாருக்கே என்று சட்டம் முடிவு செய்தது. சாட்டையடி பட்டவன் கைக்கு ஒரு சல்லியும் வரவில்லை. டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த ஜோன் கிளாட்ஸ்டன் 1 லட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றார். அவரது முயற்சியாலேயே 1838இல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் அங்கு கப்பலில் போய் இறங்கினர். இலங்கையோ 1833ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது. இங்கு அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேதான்.

இதற்கிடையில், 1835இல் இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்தில் விதித்த தீர்வை மேற்கிந்தியக் கோப்பிக்குரிய தீர்வையுடன் சமமாக்கப்பட்டது. விடுதலை பெற்றோர் தோட்டங்களை விட்டகல, மேற்கிந்தியக் கோப்பி விளைச்சலும் வீழ்ந்தது. முதலாளிகளின் கண் கண்டி மலைகளின்மேல் விழுந்தது. ஜமேக்காவில் கோப்பிச் செய்கை பயின்ற ஆர். பி. டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து, அம்முறையைத் தும்பறைப் பகுதியிலே பரப்பினார். அடிமைகளின் உழைப்பில் கற்ற பாடம் எங்கள் மலையடிவாரத்துக்கே வந்துவிட்டதன்றோ! 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்டமுடியாத காடுகளை முடிக்குரியனவாக்கிற்று. ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்ற அக்காடுகளை அரசாங்க உத்தியோகத்தரும் படைத்தலைவரும் வாங்கினர். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த சிங்களக் குடியானவன் காட்டை இழந்தான்.

அக்காடுகளை வெட்டித் தோட்டமாக்கத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தனர். கங்காணியிடம் முன்பணம் பெற்று, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். தப்பி வந்தவர் பெயரில் வழிச்செலவும் அரிசியும் கடனாக ஏறின. வேறு தோட்டம் போக விரும்பினால் துரையின் ‘துண்டு’ வேண்டும். குறித்த தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்பதாக எழுதிய சீட்டே அது. கங்காணி அதனை மற்றொரு துரையிடம் கொண்டு செல்வான். அங்கே பணம் கைமாறும். கடனைச் சுமந்தபடியே ஆட்களும் தோட்டம் மாறுவர். இத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மறுநாள் அம்மாணவனிடம் கூறினேன்: “தம்பி, உன் பூட்டனார் அடிமையல்லர். அடிமைத் தாயின் வயிற்றுக் குழந்தையும் எசமானின் உடைமையாகும். உன் பூட்டனாரின் பிள்ளைகளை எந்தத் துரையும் அவ்வாறு ஏலத்தில் விற்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இந்த வேற்றுமையை மறப்பது ஆபிரிக்க மக்களின் துயரைக் குறைத்து மதிப்பதாகும். ஆயினும், அவர் தம் விருப்பப்படி போய்வரக்கூடியவராகவும் இருக்கவில்லை. ஆளுக்கு விலை இல்லை என்றார்கள்; ஆளின் கடனுக்கு விலை வைத்தார்கள்.”

அவன் சற்று யோசித்து, “அந்தக் கடன் இப்போது தீர்ந்துவிட்டதா ஐயா?” என்றான்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களின் வழிவந்தவன் அவன். எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. எனினும், லயத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாம் குடியிருக்கும் நிலம் இன்னும் சொந்தமாகவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்து தலைமுறைகள் பல கழிந்தபின்னும் இதுவே நிலை.

யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று கணக்கெழுதி வரும்படி அவனிடம் கூறினேன். அந்தக் கணக்கை நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.