அரசர் காலத் திருமணமும் நம் காலக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் மாணவி

முன்னுரை

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பர் நம் பெரியோர். அந்தப் பயிருக்கு இன்று நாம் பாய்ச்சும் நீர் கடன் நீராக இருக்கிறதே என்ற கவலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அண்மைக் காலமாக நம் பகுதிக் கல்யாண மண்டபங்களில் ஒரு புதுமோகம் பரவி வருகிறது. மணமகன் தலைப்பாகையும் வாளும் தாங்கி அரசனாக வருகிறான். மணமகள் தேவதைக் கதையின் இளவரசி போலப் பல்லக்கிலோ சாரட்டு வண்டியிலோ இறங்குகிறாள். மேடையில் சிம்மாசனம், பின்னால் அட்டையில் செய்த கோட்டை, இடையே வெண்புகை! “அந்தக் காலத்து ராஜா கல்யாணம் போல” என்று பார்த்தவர்கள் வியக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்யாணம் உண்மையில் எப்படி இருந்தது? அதைப் போல நடத்த விரும்புவோர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

நம் ஊர் அரசரின் திருமணம்

அரசர் திருமணத்தைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். அவர்களுள் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டு 10 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். கடல் கடந்த காதல், அரசன், அழகி என்று தேவதைக் கதைக்கு வேண்டிய அனைத்தும் இதில் உண்டு. ஆனால் நடந்ததோ யானையும் அம்பாரியும் இல்லாத பதிவுத் திருமணம்.

அதன் பின்னர் நடந்தது கதையன்று, வரலாறு. ஆங்கில அரசு மோலியை அரசியாக ஏற்க மறுத்தது. புதுக்கோட்டைக்கு வந்த தம்பதியர் சில மாதங்களே இங்குத் தங்கினர். 1916-இல் பிறந்த அவர்களுடைய மகனுக்கு வாரிசுரிமையும் கிடைக்கவில்லை. மன்னர் வெளிநாட்டிலேயே வாழ, 1922-இல் அவர் சகோதரர் ஆட்சிப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். 1928-இல் மன்னர் பாரிசில் காலமானார். அரியணை ஏறியவர் அப்போது சிறுவராக இருந்த இராஜகோபாலத் தொண்டைமான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. உண்மையான அரசர் ஒருவருக்கே திருமணத்தில் குறைவாக இருந்தது பணமோ அலங்காரமோ அன்று, ஏற்பு. பிறர் “இவள் இவன் மனைவி” என்று ஒப்பி நிற்பதுதான் திருமணத்தின் உயிர். இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மணங்களைப் பார்ப்போம்.

இலக்கியம் காட்டும் மணப்பந்தல்

அகநானூற்றின் 86-ஆம் பாடலும் 136-ஆம் பாடலும் சங்ககாலத் திருமணத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. வரிசையாகக் கால்கள் நட்ட பந்தல், தரையில் புதுமணல், விளக்கு, மாலைகள். சந்திரன் உரோகிணியைச் சேரும் நல்ல நாளின் விடியற்பொழுது. வந்தோர்க்கு ஒரு பாடலில் உளுந்து சேர்த்துக் குழைத்த பொங்கல். மற்றொன்றில் இறைச்சியோடு நெய்ச்சோறு. மகனைப் பெற்ற மங்கையர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். இவ்வளவே! பந்தலுக்குக் காலும் கீற்றும் காட்டிலும் தோப்பிலும் கிடைத்தவை. மணல் ஆற்றில் கிடைத்தது. வாழ்த்து உறவில் கிடைத்தது.

சிலப்பதிகாரத்தில் காட்சி மாறுகிறது. கோவலனும் கண்ணகியும் புகாரின் பெருவணிகர் வீட்டுப் பிள்ளைகள். யானை மீது மகளிரை ஏற்றி ஊருக்கு மணச்செய்தி அறிவிக்கிறார்கள். முத்துப்பந்தலின் கீழ் மணமக்கள் தீவலம் வருகிறார்கள். இங்கே செல்வம் பேசுகிறது. அந்தச் செல்வம் எவ்வளவு நாள் நிலைத்தது என்பதை அக்காப்பியம் படித்த நாம் அறிவோம். அப்போது மணமகளுக்கு வயது 12, மணமகனுக்கு 16. பழமை எல்லாம் பின்பற்றத்தக்கது அன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடிய கனவுத் திருமணத்தில் ஆயிரம் யானைகள் சூழ மணமகன் வருகிறான். ஆனால் காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம் வருதல், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என அவர் கண்ட சடங்குகள் பல இன்றும் எளிய வீடுகளில் நடக்கின்றன. ஆயிரம் யானை கனவோடு போயிற்று. அம்மியும் பொரியும் நம்மிடம் தங்கின!

தேவதைக் கதை இளவரசியின் வெள்ளை அங்கியும் நாம் எண்ணுமளவு பழையதன்று. 1840-இல் இங்கிலாந்தின் விக்டோரியா அரசி வெண்ணுடையில் மணம் புரிந்த பின்னரே அவ்வழக்கம் பெரிதும் பரவியது. அதற்கு முன் ஐரோப்பியப் பெண்கள் பலரும் தம்மிடம் இருந்த நல்ல ஆடையையே, அது எந்த நிறமாயினும், உடுத்தி மணந்தனர்.

கல்வெட்டும் ஓலையும்

இடைக்காலத் திருமணத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் கல்வெட்டு ஒன்று உண்டு. வேலூருக்கு அருகிலுள்ள விரிஞ்சிபுரம் கோயிலில் இருக்கும் அது, விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425-இல் வெட்டப்பட்டது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. பெண்ணைத் தானமாகவே மணம் செய்து கொடுக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரச தண்டனைக்கு உரியர், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவர் என்று அது கூறுகிறது. அன்று பொன் பெண் வீட்டை நோக்கிப் போயிற்று. இன்று பெண் வீட்டிலிருந்து புறப்படுகிறது. திசைதான் மாறியது, நோய் மாறவில்லை. 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பின்னும் நிலை இதுவே.

நம் மாவட்டத்திலும் பரவி வாழும் நகரத்தார் சமூகத்தில் “இசைகுடிமானம்” என்னும் திருமண ஒப்பந்தம் எழுதும் வழக்கம் உண்டு. பதிவு அலுவலகம் என்பது தோன்றுவதற்கு முன்பே எழுத்தாலும் பெரியோர் சாட்சியாலும் மணத்தை உறுதிசெய்த முறை இது. முன்னே கூறிய ‘ஏற்பு’ இங்கே எழுத்து வடிவம் பெறுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் கல்யாணச் செலவுக்கு இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு, கடன் வாங்குவது வழக்கம். மேடைக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் 2 இலட்சம் வாங்கினால் மாதம் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய் வட்டி. முதல் அப்படியே நிற்கும். அந்த வட்டிக்காகப் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன தங்கைகளை நான் அறிவேன். ஒரு நாள் அரசிக்காகப் பல ஆண்டு அடிமை!

தமிழக அரசு 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் வழங்கியது. 2022-இல் அத்திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. முதலாம் ஆண்டில் அத்தொகையைப் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. தாலிப் பொன் பாடப் புத்தகமாக மாறிய இம்மாற்றத்தை விடப் பெரிய சீர்வரிசை எங்களுக்கு வேறில்லை.

மொய் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆடி, ஆவணி மாதங்களில் வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்துகள் நடக்கின்றன. நோட்டில் எழுதி வாங்கி, அவரவர் முறை வரும்போது கூட்டித் திருப்பும் இந்த ஏற்பாடு, ஊரே சேர்ந்து நடத்தும் கைமாற்று. தொழிலுக்கோ படிப்புக்கோ பயன்பட்டால் அது வரம். அலங்காரத்தில் கரைந்தாலோ திருப்ப வேண்டிய சுமை.

பழமைத் திருமணம் நடத்த விரும்புவோர்க்கு

அப்படியானால் பழங்காலச் சாயல் வேண்டாமா? வேண்டும்! உண்மையான பழமையையே எடுத்துக்கொள்வோம். சில வழிகள்:

1. சிம்மாசனத்துக்குப் பதில் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல், வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், குத்துவிளக்கு. உறவினர் கூடிக் கட்டினால் கூலியும் மிச்சம், உறவும் வலுப்படும்.

2. சங்கப்பாடல் காட்டியபடி விடியற்காலை முகூர்த்தம். வெயிலும் இல்லை, மின்விளக்கு அலங்காரமும் தேவையில்லை.

3. விருந்தில் உளுந்தங்களியோ, செட்டிநாட்டுக் கும்மாயமோ ஓர் இலைக்கு ஒரு கரண்டி. வகை குறைந்தால் வீணாவதும் குறையும்.

4. பூவும் நெல்லும் தூவி மூத்த பெண்கள் வாழ்த்தட்டும். மகனைப் பெற்றவர் மட்டுமல்லர். மகளைப் பெற்றவரும், கைம்பெண்களும், பிள்ளையில்லாதவரும் வாழ்த்தட்டும். இங்கே நாம் சங்ககாலத்தையும் விஞ்சலாம்.

5. மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சடங்கே வேண்டாம் என்போருக்கு, உற்றார் நண்பர் முன் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் இந்துத் திருமணத்தை 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் செல்லத்தக்கதாக்கியுள்ளது.

முடிவுரை

அட்டைக் கோட்டை மறுநாள் வண்டியேறி வேறு மண்டபத்துக்குப் போய்விடும். வாடகை வாளும் கிரீடமும் அடுத்த மணமகன் தலைக்கும் கைக்கும் போகும். மணமக்களிடம் எஞ்சுவது வாழ்த்திய மனிதர்களும் எழுதிய பதிவும் மட்டுமே. இவை இரண்டையும் பெறுவதற்கு அரசனாகப் பிறக்க வேண்டியதில்லை. கடன்காரன் ஆக வேண்டியதுமில்லை. நாளை மணமக்களாகப் போகும் நம் கல்லூரித் தோழர், தோழியர் பெற்றோரிடம் துணிந்து சொல்ல வேண்டியது ஒன்றே: “பந்தல் சிறிதாக இருக்கட்டும், தங்கையின் படிப்பு நிற்காமல் இருக்கட்டும்.”