பங்கைக் கொண்டு முழுமையைக் கணித்தல்

சதுரமான இறப்பர்த் தூண் ஒன்றை மேலிருந்து அழுத்தினால் அது எவ்வாறு உருமாறும்? இதனை அறியப் பொறியியலாளர் தூணைக் கணினியிலே பல்லாயிரஞ் சிறு மூலகங்களாகப் பகுத்துக் கணிப்பர். 'முடிவுள்ள மூலகம்' என்னும் பெயரை இம்முறைக்கு 1960 இல் இட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் கிளவ்.

வடிவமும் பொருளும் பளுவும் நடுத்தளத்தின் இருபுறத்தும் ஒத்திருப்பின், தூணை நெடுக்கே இரு தளங்களால் வெட்டிக் காற்பங்கை மட்டும் கணிப்பர். உழைப்புப் பெரிதும் குறையும். வெட்டுமுகத்துப் புள்ளிகள் அத்தளத்தினுள் வழுக்கலாம்; தளத்தை விட்டு விலகலாகாது. இதுவே சமச்சீர் நிபந்தனை. உருமாற்றம் எத்துணை பெரிதாயினும் தளம் தொடக்கத்தில் நின்றவாறே நிற்றல் வேண்டும். பொருளோடு சேர்ந்து திரும்பும் அச்சுக்களில் இந்நிபந்தனையை எழுதினால் விடை கெடும்.

ஆயினும், நிபந்தனையைச் செவ்வனே இட்டவரையும் ஏமாற்றும் இடர் ஒன்றுண்டு. மெலிந்த தூண் குறித்தவொரு பளுவிலே பக்கவாட்டில் வளைந்துவிடும். அப்பளுவை ஒயிலர் 1744 இலேயே கணித்துக் காட்டினார். வளைவோ ஒருபக்கமாகச் செல்வது. காற்பங்கைக் கணிப்பவர், தூணின் நடு அச்சு பக்கம் பெயராதென முன்னரே விதித்துவிடுகிறார். ஆகவே அவ்வளைவு கணிப்பிலே தோன்றாது; தூண் நேராகவே குறுகி, மேலும் மேலும் பளுவைத் தாங்குவதாக விடை வரும். அதனை நம்பி ஓர் இயந்திரத்தைத் தாங்க வைப்போமாயின், தூண் கணித்த பளுவுக்கு வெகு முன்னரே சாய்ந்துவிடும்.

ஆதலால் மெலிந்த உறுப்பாயின் முழுத்தூணையும் ஒருமுறையேனும் கணித்தல் வேண்டும். அப்போதும் வடிவிலே சிறு கோணல் ஒன்றைச் சேர்த்தல் நன்று. கோணலற்ற தூண் கணினியில் வளையாமலே நின்றுவிடக்கூடும்.