கிருமியின் வாயைக் கட்டும் இலை

தெற்கு இத்தாலியின் கிராமங்களில் தோல் அழற்சிக்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. செஸ்ட்நட் மரத்தின் இலைகளைக் கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத்தால் பாதித்த இடத்தைக் கழுவுவார்கள். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் காசாண்ட்ரா குவேவ். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத் தாவர ஆய்வாளர். மூன்று வயதில் ஒரு காலை அறுவை சிகிச்சையில் இழந்து, அந்தப் புண்ணில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி தொற்றியதால் உயிருக்குப் போராடி மீண்டவர். ஊர் வைத்தியத்தை அவர் அலட்சியமாகப் பார்க்காததில் வியப்பில்லை.

2015இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில் ஒரு விசித்திரம். இலைச்சாறு கிருமியைக் கொல்லவே இல்லை! வழக்கமான சோதனையில் ‘பயனற்றது’ என்று ஒதுக்கியிருப்பார்கள்.

எதிரி எளிதானவன் அல்ல. மெத்திசிலின் மருந்து புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1961இல், அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் இங்கிலாந்தில் தென்பட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. இந்தக் கிருமிகள் ஊருக்குள் நுழையும் கொள்ளைக்கூட்டம் மாதிரி: ஆள் சேரும்வரை அடங்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சமிக்ஞை வேதிப்பொருளைக் கசியவிடும். அது போதிய அளவு சேர்ந்ததும், எல்லாம் ஒரே நேரத்தில் நச்சைக் கக்கித் தசையையும் சிவப்பணுக்களையும் சிதைக்கும்.

செஸ்ட்நட் சாறு தடுப்பது அந்தச் சமிக்ஞையைத்தான். எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றிய எலிகளுக்கு 50 மைக்ரோகிராம் ஒரே முறை கொடுத்ததில் தோல்புண் பெருகாமல் நின்றது. தோலில் இயல்பாக வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சேதமில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து சாற்றிலேயே வளர்த்துப் பார்த்தும் கிருமி எதிர்ப்புத்திறன் பெறவில்லை. கொல்லும் மருந்துக்குத் தப்பியவை மட்டும் பெருகுவதால்தான் எதிர்ப்பு பரவுகிறது. இங்கே அந்த நெருக்கடி குறைவு.

2017இல் அதே குழு பிரேசில் மிளகு மரத்தின் பழத்திலும் இதே குணத்தைக் கண்டது. ஃபுளோரிடாவில் களையென்று வெட்டி எறிகிற மரம் அது! 2021இல் செஸ்ட்நட் இலையிலிருந்து ‘காஸ்டனெராக்ஸி ஏ’ என்ற தனி வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலித்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் பலமுறை பிரித்துச் சுத்தம் செய்த சாறு வேறு. அடுப்பில் கொதித்த கஷாயம் வேறு. ‘மூலிகைதானே’ என்று பச்சிலையை அரைத்து ஆழமான புண்ணில் அப்பினால், புதிய கிருமிகளையும் சேர்த்தே அப்புகிறோம்.

சர்க்கரை நோயாளிகளே, காலில் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால் நாள் கடத்தாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்; எந்த மருந்துக்கு உங்கள் கிருமி அடங்கும் என்பதை அதுதான் காட்டும்.